மலையகப் பிள்ளைகளும் விஞ்ஞானக் கல்வியும்
(கண்டியில் ஆற்றிய உரை)



கண்டிமா நகரில் கூடியுள்ள நாம், இம்மலைகளின் பழங்கதை ஒன்றை நினைவுகூர்தல் வேண்டும். இன்று தேயிலை தழைக்கும் இச்சரிவுகளில் முன்னாளிற் செழித்தது கோப்பி. 1869ஆம் ஆண்டில் அதன் இலைகளின் அடிப்புறத்தே செம்மஞ்சட் புள்ளிகள் தோன்றின. பேராதனைப் பூங்காவின் பணிப்பாளர் துவைற்ஸ் அவ்விலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். அது ஒருவகைப் பூஞ்சணம் என அங்கே பேர்க்லி என்னும் அறிஞர் கண்டறிந்தார். தோட்ட முதலாளிகளோ, விலை ஏறுகின்றதே என்று மேலும் காடழித்துக் கோப்பியே நட்டனர்.

1880இல் மார்ஷல் வார்டு என்னும் இளம் விஞ்ஞானி இங்கு வந்தார். பூஞ்சண வித்துகள் காற்றில் பரவுவதையும், மலை முழுதும் ஒரே பயிர் நின்றமையால் நோய்க்குத் தடையே இல்லாது போனதையும் ஆராய்ந்து கூறினார். அதற்குள் காலம் கடந்துவிட்டது. கோப்பி அழிந்தது, முதலாளிகள் தேயிலைக்கு மாறினர், அங்கு உழைத்த தமிழ்த் தொழிலாளர் வேலையிழந்து வாடினர்.

இது பழங்கதைதானா? 2021இல் இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டபோது வேளாண் விஞ்ஞானிகள் எச்சரித்தனர். அவ்வாண்டு நவம்பரில் தடை தளர்ந்தது. ஆயினும் ஏறத்தாழ 30 கோடி கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை விளைச்சல், 2022இல் 25 கோடியளவிற்கு வீழ்ந்தது. உரமின்மை அதற்கொரு முக்கிய காரணம். அறிவுடையோர் சொல் அம்பலம் ஏறாதபோது முதலில் அடிபடுவது உழைப்பவன் வயிறே!

ஆகவே கேட்கிறோம்: அந்த அறிவு நம் பிள்ளைகளுக்கு எட்டுகின்றதா? 1945இல் இலவசக் கல்வி மலர்ந்தது. தோட்டப் பாடசாலைகளோ 1970களிலேதான் அரசின் கைக்கு வந்தன. அந்தப் பின்னடைவு இன்னும் தீரவில்லை. ஹந்தானை மலையடியில் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடமும் விவசாய பீடமும் விளங்குகின்றன. மலைமேற் கொழுந்து பறிக்கும் தாயின் கண்ணுக்கு அவை அண்மையில். அவள் பிள்ளைக்கோ வெகு தொலைவில். உயர்தரத்தில் கலைப்பிரிவன்றி வேறு பிரிவில்லாத தமிழ்ப் பாடசாலைகள் எத்தனை! 2013இல் தொடங்கிய தொழில்நுட்பப் பிரிவும் எல்லாப் பாடசாலைகளுக்கும் எட்டவில்லை. ஆய்வுகூடம் இருப்பின் ஆசிரியர் இல்லை. ஆசிரியர் இருப்பின் கருவிகள் இல்லை.

“படித்தவன் மண்ணை விட்டு ஓடிவிடுவான்” என்று அஞ்சும் உழவர்களுக்கு ஒன்று சொல்வோம். மண்ணைச் சோதிக்கவும், பூச்சியை இனங்காணவும், உரத்தின் அளவை அறியவும் தெரிந்த பிள்ளையே அம்மண்ணைக் காப்பான்.

அரசினரிடம் நாம் கேட்பது சலுகை அன்று, உரிமை. தமிழ்மொழி மூலம் விஞ்ஞானமும் கணிதமும் கற்பிக்க ஆசிரியர்களை நியமியுங்கள், ஆய்வுகூடங்களைத் தாருங்கள். மருத்துவராகவும் பொறியியலாளராகவும் உயர்ந்த நம்மவரே, வாரத்தில் ஒரு நாளேனும் அருகிலுள்ள தோட்டப் பாடசாலைக்குச் சென்று பாடம் சொல்லுங்கள். பெற்றோரே, பதினாறு வயதில் பிள்ளையைக் கொழும்புக் கடைக்கு வேலைக்கு அனுப்பாதீர்கள். இன்னும் மூன்றாண்டு பொறுத்திருங்கள்.

மலையை உழைப்பால் வளமாக்கியவர் நம் முன்னோர். அதனை அறிவால் ஆளும் தகுதியை நம் பிள்ளைகளுக்கு அளிப்போம்.