விதிக்குப் பொருள் தேடுவதும் ஆட்டமே

ஆட்டத்தின் நடுவே விதிக்குப் பொருள் தேடி வாதிடுவது ஆட்டத்தை வளர்க்கிறதா, கெடுக்கிறதா என்னும் தலைப்பில், வளர்க்கிறது என்பதே இவ்வணியின் கட்சி. விதி கீழ்ப்படிவதற்கே உரியது, பேசுவதற்கு உரியதன்று என்று எதிரணி முழங்கிச் சென்றிருக்கிறது. ஆனால் காய் நகர்த்தும் எந்த ஆட்டமும் இரண்டு கேள்விகளுக்கு விடை சொல்லியாக வேண்டும்: ஒருவர் எவ்வழியில், எவ்வளவு தூரம் நகரலாம் என்பது ஒன்று; அந்த நகர்வை மற்றவர் எந்தக் கணத்தில் மறிக்கலாம் என்பது மற்றொன்று. நகர்வும் மறிப்பும் மோதும் இடத்தில்தான் விதி பெரும்பாலும் வாய் மூடிக்கொள்கிறது. அது மூடிய வாயைத் திறக்கவைக்கும் முயற்சிக்குத்தான் எதிரணி வீண் வாதம் என்று பெயர் சூட்டுகிறது.

முதற்சான்று ஆடுபுலி ஆட்டம். தெலுங்கில் புலி மேக்க என்று வழங்கும் இவ்வாட்டத்தில், கோடுகள் சந்திக்கும் 23 புள்ளிகளில் 3 புலிகளும் 15 ஆடுகளும் மோதுகின்றன. ஆடுகளை முறைக்கு ஒன்றாக வைத்து முடித்த பிறகே அவற்றை நகர்த்தலாம். புலியோ தொடக்கம் முதலே நகரும், பக்கத்துப் புள்ளியில் உள்ள ஆட்டை நேர்கோட்டில் தாண்டி அப்பால் உள்ள வெற்றுப் புள்ளியில் இறங்கி அதனை வெட்டும். இரண்டு ஆடுகள் அடுத்தடுத்து ஒரே கோட்டில் நின்றால் தாண்ட வழியில்லை. ஆடுகளுக்கு வாய்த்த முக்கிய மறிப்பு அதுவே. இவ்வளவும் எல்லாரும் ஒப்பிய விதி. ஆனால் ஓர் ஆட்டை வெட்டி இறங்கிய புலி, அதே முறையில் இன்னோர் ஆட்டையும் தாண்டலாமா? வெட்ட வழியிருந்தும் வெட்டாமல் ஒதுங்கி நிற்கப் புலிக்கு உரிமை உண்டா? ஊருக்கு ஊர் விடை மாறுகிறது. வெட்டு கட்டாயம் என்றால், ஓர் ஆட்டைத் தூண்டிலாக வைத்துப் புலியை மூலைக்கு இழுத்து அடைக்கும் சூழ்ச்சி பிறக்கிறது. கட்டாயமில்லை என்றால், அந்தச் சூழ்ச்சி செத்துப்போய் வேறொன்று பிறக்கிறது. ஆகவே விதிக்குப் பொருள் சொல்பவர் ஆட்டத்தை நிறுத்துவதில்லை, எந்த ஆட்டம் ஆடப்படுகிறது என்பதை வரையறுக்கிறார்.

தாயத்திலும் இதே நிலைதான். மலை என்னும் குறுக்குக் கோடிட்ட கட்டத்தில் இருக்கும் காயை வெட்ட முடியாது என்பது பொது விதி; ஆனால் ஒருவர் ஏறிய மலையில் எதிராளியின் காயும் ஏறலாமா, ஒரு காயையாவது வெட்டாதவர் பழம் எடுக்க உள்ளே போகலாமா என்பவை வீட்டுக்கு வீடு வேறுபடும். திருத்தணியிலும் புத்தூரிலும் பள்ளிப்பட்டிலும் கொள்வினை கொடுப்பினை வைத்திருக்கும் நகரி போன்ற எல்லை ஊரில், ஒரே தாயக்கட்டத்தைச் சுற்றி இரண்டு வீட்டு வழக்குகள் உட்காருவது இயல்பு. அங்கே பேசித் தீர்க்காமல் உருட்டத் தொடங்கினால், முதல் வெட்டிலேயே மூண்டெழுவது சண்டையே.

இனி, மேசையைச் சுற்றி அமர்ந்து ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்றுக் கதையாகவே ஆடும் ஆட்டத்துக்கு வரலாம். அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் உருவாக்கி 1974இல் வெளியான டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ் அவ்வகையின் முன்னோடி. அதன் 2014ஆம் ஆண்டுப் பதிப்பில், பகைவரின் கைக்கெட்டும் எல்லையை விட்டு ஒருவர் வெளியேறும்போது, அவர் வெளியேறுவதற்குச் சற்று முன்பாகப் பகைவர் ஒரு முறை தாக்கலாம். இந்த இடைமறிப்பு எதிர்வினை என்னும் கணக்கில் சேர்வதால், அதைப் பயன்படுத்தியவருக்குத் தம் அடுத்த முறை வரும்வரை இன்னொன்று கிடையாது. எல்லைக்குள்ளேயே சுற்றி வருபவரை இவ்விதி தொடாது. மாயத்தால் இடம் பெயர்பவரையும், தம் நகர்வையோ செயலையோ எதிர்வினையையோ செலவிடாமல் பிறரால் தள்ளப்படுபவரையும் தொடாது. அப்படியானால், ஒரு மந்திரத்தால் அஞ்சி ஓடுபவரை இடைமறித்துத் தாக்கலாமா? தம் விருப்பப்படி ஓடவில்லையே என்று ஒருவர் வாதிடுவார். அந்த மந்திரம் அவருடைய எதிர்வினையைச் செலவிட்டே ஓடவைக்கிறது, ஆகவே அவர் தம் காலால்தான் ஓடுகிறார் என்று மற்றவர் மறுப்பார். விருப்பம் என்பதை விதி எங்கும் கேட்கவில்லை, எதைச் செலவிட்டு நகர்ந்தார் என்பதையே கேட்கிறது என்று தெளிந்தால், தாக்கலாம் என்ற விடை தானாக வந்து நிற்கும். தாம் விரும்பும் பொருளையும் சொற்கள் தரும் பொருளையும் பிரித்தறியும் இந்தப் பயிற்சியை, கீழ்ப்படிதல் மட்டுமே ஒருவருக்குத் தந்துவிடாது.

அப்பயிற்சியின் மதிப்பை இந்த நகரி ஊருக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆந்திரத்துக்கும் சென்னை மாநிலத்துக்கும் இடையிலான எல்லைத் தகராற்றைத் தீர்க்க வந்த படாஸ்கர் வட்டத்தை அலகாகக் கொள்ளாமல் கிராமத்தையே அலகாகக் கொண்டார். 1959ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்துக்குப் போக, நகரி ஆந்திரத்திலேயே நின்றது. எதை அலகாகக் கொள்வது என்பது பொருள்கோளைச் சேர்ந்த கேள்வியே. அதன் விடையைப் பொறுத்தே கோடு நகர்ந்தது.

எதிரணியின் வலுவான வாதம் ஒன்று உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. ஓயாத வாதம் ஆட்டத்தின் ஓட்டத்தைக் குலைக்கும், நாவன்மை உள்ளவர் வெல்வார், வாய் பேசாத சிறுவர் தோற்பார் என்று அது சொல்கிறது. இந்த அச்சம் உண்மையானது. ஆனால் அதற்கு மருந்து வாதத்தைத் தடைசெய்வதன்று. வாதம் இல்லாத இடத்தில் வயதும் அதிகாரமும் உள்ளவர் சொன்னதே விதியாகிவிடும், வாய் பேசாதவர் அங்கே கேள்வி கேட்கும் வாய்ப்பையும் இழப்பார். ஐயம் எழுந்தவுடன் ஆட்டத்தை நடத்துபவர் ஒரு தற்காலிகத் தீர்ப்புச் சொல்லி ஆட்டத்தைத் தொடரச் செய்யலாம். ஆட்டம் முடிந்தபின் அதை ஆற அமர விவாதித்து, எட்டிய முடிவை அடுத்த ஆட்டத்தில் எல்லாருக்கும் ஒன்றுபோலப் பொருத்தலாம். தமக்குச் சாதகமான பொருளே நாளை எதிராளிக்கும் சாதகமாகும் என்று அறிந்தவர், நாவன்மையை அளவோடுதான் செலவிடுவார்.

காயை நகர்த்தும் ஒவ்வொருவரும் ஓர் ஆபத்தைக் கணக்கிட்டே நகர்த்துகிறார். மறிப்பு எப்போது விழும் என்பது முன்கூட்டித் தெரியாவிட்டால், அந்தக் கணக்குக்கு இடமில்லை. கணக்கில்லாத நகர்வில் துணிவும் இல்லை, திறமையும் இல்லை. ஒரு விதியின் பொருளை எல்லாரும் கேட்டு, மறுத்து, ஒப்பிய பிறகு தோற்பவர், தாம் எதனால் தோற்றார் என்று அறிந்து தோற்கிறார். அந்தத் தெளிவைத் தரும் வழக்கத்தை ஆட்டத்தைக் கெடுப்பது என்று சொல்ல இயலாது என்பதால், வளர்க்கிறது என்றே நடுவர் தீர்ப்பளிக்க வேண்டும் என்று இவ்வணி வேண்டுகிறது.