ஓயாமையும் தொடர்ச்சியும்



ஐப்பசி மாதத்து மாலையில் பெங்களூரில் மழை பிடித்துக்கொண்டால் எளிதில் விடுவதில்லை. அத்தகைய மழையை ஆங்கிலத்தார் 'இன்செஸன்ட்' என்னும் அடைமொழியாற் குறிப்பர். ஓய்தல் என்னும் பொருளுடைய 'செஸாரே' என்ற இலத்தீன் வினையின் முன், எதிர்மறை உணர்த்தும் 'இன்' சேர்ந்ததனால் அமைந்த சொல் அது. 'ஓயாத' என்னும் நமது சொல்லும் ஓய்தலை மறுத்தே பிறந்ததன்றோ? இரு மொழியிலும் இச்சொல்லிற் சிறிது சலிப்பும் கலந்திருக்கிறது. ஓயாத இரைச்சல், ஓயாத தொல்லை என்போம். ஓயாத இன்பம் என்பது அரிது.

இச்சொல்லுக்கு ஆங்கிலத்தில் உறவினர் பலர். ஆண்டு முழுவதும் நீரோடும் ஆற்றுக்கு 'பெரெனியல்' என்பது அடைமொழி. அதனை நாம் ஜீவநதி என்கிறோம். என்றும் நிலைத்திருப்பது 'பெர்பெச்சுவல்'. விட்டு விட்டு அடிக்கடி நிகழ்வது 'கன்டினுவல்'. அறுபடாமல் தொடர்வது 'கன்டினுவஸ்'. மொழிபெயர்ப்போர் அவசரத்தில் இவை அனைத்திற்கும் 'இடைவிடாத' என்ற ஒரே சொல்லை இட்டுவிடுவதுண்டு. அப்பிழையை நாமும் செய்திருக்கிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன், தொழிலாளர்க்கான விளக்கக் குறிப்பு ஒன்றைத் தமிழாக்கினோம். 1972-ம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டப்படி, பணியினின்று விலகுவோர் பொதுவாக ஐந்தாண்டுகள் 'கன்டினுவஸ்' பணி புரிந்திருத்தல் வேண்டியிருந்தது. அதனை 'இடைவிடாத பணி' என்று எழுதினோம். அதைப் படித்த தமிழ்த் தொழிலாளர் ஒருவர் எம்மிடம் வந்து, "ஐயா, காய்ச்சலில் ஒரு மாதம் படுத்துவிட்டேனே. என் பணி இடைவிட்டதாகிவிடுமோ?" என்று கேட்டார். அவர் முகத்திலிருந்த கலக்கம் எம்மைச் சுட்டது.

சட்டத்தின் கருத்து அதுவன்று. நோய், விபத்து, விடுப்பு ஆகியவற்றால் நேரும் இடைவெளிகளும், தொழிலாளியின் குற்றமின்றி வேலை நின்றுபோன நாட்களும் தொடர்பணியில் அடங்கும் என்று அச்சட்டமே கூறியது. மேலும், அவ்வாறு கணக்கிட இயலாதவிடத்து, பன்னிரண்டு மாதங்களில் 240 நாட்கள் வேலை செய்திருந்தால் அதனை ஓராண்டுத் தொடர்பணியாகக் கொள்ளவும் இடமளித்தது. நிலத்தடிச் சுரங்கத்தில் உழைப்போர்க்கு 190 நாட்களே போதும். 2020-ம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் இக்கருத்து இடம்பெற்றுள்ளது.

இந்த 190 என்னும் எண்ணைக் காணுந்தோறும் கோலார் தங்கவயல் நம் நினைவுக்கு வருகிறது. தமிழ் மக்கள் தலைமுறை தலைமுறையாக மண்ணுக்கடியில் உழைத்த அச்சுரங்கங்கள் 2001-ம் ஆண்டில் மூடப்பட்டன. சிவசமுத்திரத்தில் காவிரி நீரால் பிறந்த மின்சாரம் 1902-ம் ஆண்டிலேயே அங்கு சென்று இயந்திரங்களை ஓட்டியது. இயந்திரத்தை இரவும் பகலும் ஓடவிடலாம். மனிதன் ஓய்ந்து, உறங்கி, நோயுற்றுத் தேறித்தான் மறுபடியும் உழைக்க முடியும். ஆதலின் அவனுடைய உழைப்பைத் 'தொடர்ச்சி' என்னலாமேயன்றி 'ஓயாமை' என்னலாகாது. தொடர்ச்சி என்ற சொல்லில் ஓய்வுக்கும் இடமுண்டு.

ஆகவே, மழைக்கும் இரைச்சலுக்கும் 'ஓயாத' என்பதையும், ஆற்றுக்கு 'வற்றாத' என்பதையும், உழைப்புக்குத் 'தொடர்' என்பதையும் வழங்குவது நன்று. எமது குறிப்பில் 'தொடர்பணி' என்று திருத்தி, "நோயால் வராத நாட்களும் இதில் அடங்கும்" என்ற வரியையும் சேர்த்தோம். அத்தொழிலாளர் அவ்வரியை இருமுறை படித்துப் பார்த்து, தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சென்றார்.