ஷாக்குக்குள் ஒரு குழாய்த் துண்டு

அருமனை, குலசேகரம், திருவட்டாறு பக்கத்துச் சிறு தோட்டக்காரர்கள் பலர் ரப்பர் ஷீட்டை மோட்டார் சைக்கிளில் கட்டித்தான் மார்த்தாண்டத்துக்குக் கொண்டுவருகிறார்கள். தேங்காய்ப்பட்டணத்து மீன் பெட்டியும் வாழைக்குலையும் அப்படித்தான் வருகின்றன. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை என்று இரண்டையும் வாங்கிக்கொள்கிற மாவட்டம் இது. ஒரு மழை பறித்த குழியை அடைப்பதற்குள் அடுத்த மழை வந்துவிடும். நான்கைந்து வருடம் இப்படி ஓடிய வண்டியில் முன்பக்க ஷாக் தளர்ந்துபோகும். ஆள் ஏறி உட்கார்ந்தாலே மூக்கு குத்தி நிற்கும். இறக்கத்தில் பிரேக் பிடித்தால் 'டொக்' என்று அடியில் போய் இடிக்கும்.

பட்டறைக்குப் போனால் இரண்டு வழி சொல்வார்கள். ஒன்று, ஸ்பிரிங்கை மாற்றுவது. இன்னொன்று, ஸ்பிரிங்குக்கு மேலே ஒரு குழாய்த் துண்டைச் செருகி அதை இறுக்குவது. இந்தத் துண்டுக்குத்தான் ஸ்பேசர் என்று பேர். கம்பெனியே பல வண்டிகளில் ஒன்று வைத்துத்தான் அனுப்புகிறது. அதைவிடச் சற்று நீளமாக நாமே வெட்டிப் போட்டால் செலவு குறைவு. அதை எதில் வெட்டுவது என்பதுதான் இன்றைக்கு நான் பேச வந்த விஷயம். இது பிரேக் பிடிக்கும்போது உயிரைத் தாங்குகிற இடம் என்பதால், கையில் கிடைத்ததைப் போடலாம் என்ற பேச்சை என்னால் ஏற்க முடியவில்லை.

முதலில் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்போம். முன்சக்கரத்தின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு கால். ஒவ்வொரு காலும் ஒன்றுக்குள் ஒன்று நுழைகிற இரண்டு குழாய். உள்ளே நீளமான ஸ்பிரிங், அதைச் சுற்றி எண்ணெய், எண்ணெய் வெளியே வராமல் தடுக்க ஒரு ஆயில் சீல், மேலே திருகி மூட ஒரு மூடி போல்ட். எண்ணெய் வைத்துத் துள்ளலை அடக்குகிற இந்த ஃபோர்க் அமைப்பை 1935-இல் பி.எம்.டபிள்யூ தன் ஆர்12 வண்டியில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்று புல்லட் முதல் ஸ்ப்ளெண்டர் வரை இதே குடும்பம்தான். பழைய ஆக்டிவா போன்ற ஸ்கூட்டர்களில் முன்பக்க அமைப்பே வேறு, அவற்றுக்கு இன்றைய பேச்சு பொருந்தாது. தலைகீழ் ஃபோர்க் வைத்த விலை கூடிய வண்டிகளையும் வீட்டில் திறக்க வேண்டாம்.

ஸ்பேசரைப் பற்றிப் பலரும் நினைப்பதில் ஒரு தவறு உண்டு. அது ஸ்பிரிங்கைக் கடினமாக்காது. ஒரு மில்லிமீட்டர் அமுங்க அரை கிலோ கேட்கிற ஸ்பிரிங், ஸ்பேசர் போட்ட பிறகும் அதே அரை கிலோதான் கேட்கும். ஆள் உட்காரும்போது வண்டி எவ்வளவு தாழ்கிறது என்பதுதான் மாறும். 10 மில்லிமீட்டர் நீளம் கூட்டினால், ஏறத்தாழ அதே 10 மில்லிமீட்டர் தாழ்வு குறையும். இவ்வளவுதான் அதன் வேலை. ஸ்பிரிங் செத்துப்போயிருந்தால் ஸ்பேசர் அதற்கு உயிர் கொடுக்காது. ஆகவே முதலில் ஸ்பிரிங்கை வெளியே எடுத்து நீளம் அளந்து, சர்வீஸ் கையேட்டில் கொடுத்திருக்கும் குறைந்தபட்ச அளவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதற்குக் கீழே போயிருந்தால் புது ஸ்பிரிங் வாங்குவதுதான் லாபம்.

பட்டறையில் ஓர் இளைஞர் கேட்டது நினைவிருக்கிறது. "அண்ணே, இன்னும் ஒரு இஞ்சு கூட்டிப் போடுங்க. கல்லு மாதிரி நிக்கணும்." மெக்கானிக் நிமிரவே இல்லை. "மக்களே, கல்லு மாதிரி நின்னா குழியில எறங்குறது யாரு? சக்கரமா, உன் முதுகா?" என்றார். சரியான பதில். சக்கரம் மேலே போக இடம் வேண்டும், குழி வந்தால் கீழே இறங்கவும் இடம் வேண்டும். முன் ஷாக் மொத்தம் 130 மில்லிமீட்டர் ஆடுகிறது என்று வையுங்கள். ஆள் உட்கார்ந்த நிலையில் அதில் நான்கில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை, அதாவது 33 முதல் 43 மில்லிமீட்டர் வரை தாழ்ந்திருக்க வேண்டும். அளப்பது சுலபம். உள்குழாயில் ஒரு கேபிள் டை கட்டி, முன்சக்கரம் தரையில் படாமல் தூக்கி வைத்து, அதை சீல் வரை இறக்கிவிடுங்கள். பிறகு வண்டியை மெதுவாக இறக்கி, வழக்கமாகப் போகிற உடையோடு ஏறி உட்காருங்கள். இன்னொருவர் வண்டியைப் பிடித்துக்கொள்ளட்டும். பிரேக்கைத் தொடாமல் மெல்ல இறங்கிப் பார்த்தால், கேபிள் டை எவ்வளவு மேலே நகர்ந்திருக்கிறதோ அதுதான் தாழ்வு.

இனிப் பொருளுக்கு வருவோம். எல்லோரும் முதலில் கேட்பது, தாங்குமா என்பது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். மில்லிமீட்டருக்கு அரை கிலோ ஸ்பிரிங், முழுக்க அமுங்கும்போது 150 மில்லிமீட்டர் சுருங்குகிறது என்றால் ஒரு காலில் 75 கிலோ விசை. வெளிவிட்டம் 25 மில்லிமீட்டர், சுவர்க்கனம் 2 மில்லிமீட்டர் உள்ள பி.வி.சி. குழாயின் வெட்டுப்பரப்பு சுமார் 145 சதுர மில்லிமீட்டர். ஒரு சதுர மில்லிமீட்டருக்கு அரை கிலோதான் விழுகிறது. கெட்டியான பி.வி.சி. ஐந்து கிலோ வரை தாங்கும். ஆக, கிணற்று மோட்டாருக்குப் போடுகிற சாதாரணக் குழாய்கூட இந்த அழுத்தத்தில் நசுங்காது.

அப்படியானால் எதற்கு இவ்வளவு பேச்சு? பட்டறையில் ஒரு ஷாக்கைத் திறந்தபோது கண்டதைச் சொல்கிறேன். உள்ளே இருந்தது மின்கம்பி இழுக்கிற மெல்லிய கண்டூயிட் குழாய். வாஷர் இல்லாமல் நேராக ஸ்பிரிங் மேல் வைத்திருந்தார்கள். ஸ்பிரிங்கின் முனை அதன் விளிம்பில் பிறை வடிவத்தில் கடித்து உள்ளே இறங்கியிருந்தது. மேல் விளிம்பில், மூடியைத் திருகியபோது சுரண்டிய வட்டம். கீழே ஊற்றிய எண்ணெயில் வெள்ளைத் துருவல் மிதந்தது. இடது காலில் இருந்த துண்டு வலதைவிட ஒரு விரல்கனம் குட்டை. குழாய் உடையவில்லை, ஆனால் அந்தத் துருவல் சீலின் உதட்டில் போய் உட்கார்ந்து, இரண்டு காலிலும் எண்ணெய் கசிந்துகொண்டிருந்தது. எண்ணெய் பிரேக் டிஸ்க்கில் வழிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசியுங்கள்.

என் கருத்து இதுதான். எடை தாங்குமா என்று பார்த்துப் பொருளைத் தேர்ந்தெடுக்காதீர்கள். எண்ணெய்க்குள் அது என்ன செய்யும், விளிம்பில் தேயுமா, பக்கத்துக் குழாயை உரசுமா என்று பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

நம் ஊரில் முதலில் தோன்றுவது ரப்பர். தெருவுக்குத் தெரு ரப்பர், அதில் ஒரு உருளை வார்த்துப் போட்டால் மெத்தென்று இருக்குமே என்று தோன்றும். கூடவே கூடாது. மரத்திலிருந்து எடுக்கிற இயற்கை ரப்பருக்கும் பெட்ரோலிய எண்ணெய்க்கும் ஆகாது. ஒரு ரப்பர் பேண்டை மண்ணெண்ணெயில் ஒரு ராத்திரி போட்டு வைத்து எடுங்கள், ஊதிப் பெருத்து வலுவிழந்து வரும். ஃபோர்க்கின் ஆயில் சீலை ஏன் நைட்ரைல் என்ற செயற்கை ரப்பரில் செய்கிறார்கள் என்பது அப்போது புரியும். எண்ணெயை அது நன்றாக எதிர்க்கும்.

மரத்துண்டும் வேண்டாம். எண்ணெய் குடித்து நார் பிரியும். சில்லறைக் காசை அடுக்கிப் போடுவது பழைய பழக்கம், வாஷர்களை அடுக்குவதும் அப்படியே. ஒவ்வொன்றும் தனித்தனியாக ஆடி உரசி உலோகத்தூள் உதிர்க்கும். ஒன்றிரண்டு வாஷருக்கு மேல் அடுக்கக் கூடாது. இன்னொன்று, முழுக்கட்டையாக இருக்கிற எதையும் போடாதீர்கள். ஷாக்குக்குள் எண்ணெய்க்கு மேலே இருக்கிற காற்றும் ஒரு ஸ்பிரிங் போலத்தான் வேலை செய்கிறது. கட்டை அந்தக் காற்றின் இடத்தை அடைத்தால் கடைசி இறக்கத்தில் ஷாக் முரண்டு பிடிக்கும், சீலின் மேல் அழுத்தமும் கூடும். அதனால்தான் குழாய், அதுவும் இரண்டு முனையும் திறந்த குழாய்.

பிளாஸ்டிக் குழாயில் எதை எடுக்கலாம்? வீடு கட்டி முடித்த இடத்தில் துண்டுக் குழாய் கிடக்கும். வெயிலில் வருடக்கணக்கில் கிடந்ததை எடுக்க வேண்டாம், அது வெளிறி, தட்டினால் விரிசல் விடும். மின்கம்பிக் குழாயும் வேண்டாம், சுவர் மெல்லியது. தண்ணீர்க் குழாயில் கனமானது எடுக்கலாம். வெந்நீருக்கு என்று இளமஞ்சள் நிறத்தில் விற்கிறார்களே சி.பி.வி.சி., அது இன்னும் நல்லது. சாதாரணப் பி.வி.சி. 80 டிகிரி வெப்பத்தை நெருங்கும்போது இளகத் தொடங்கும், வெந்நீர்க் குழாய் அதற்கு மேலும் தாங்கும். இரண்டுமே ஃபோர்க் எண்ணெயில் கெடாது. ஆனால் பெட்ரோலிலோ தின்னரிலோ ஊறவைத்துக் கழுவாதீர்கள், சோப்புத் தண்ணீர் போதும்.

நைலான் உருளை பட்டறைகளில் சுலபமாகக் கிடைக்கும், லேத்தில் அழகாகவும் கடையும். ஆனால் அது ஈரத்தை உறிஞ்சிப் பருக்கும். ஒட்டினாற்போல் கடைந்து போட்டால், நம் மழைக்காலத்தில் உள்ளே சிக்கி நிற்க வாய்ப்பு உண்டு. டெல்ரின் என்று ஒன்று இருக்கிறது, அது ஈரம் குடிப்பது மிகக் குறைவு. கிடைத்தால் அதை எடுங்கள்.

உலோகத்தில் இரும்புதான் கம்பெனிகள் பெரும்பாலும் போடுவது. அதற்குக் காரணம் உண்டு. விளிம்பு தேயாது, நாளாக நாளாகச் சுருங்காது. எடை கூடுமே என்றால், கூடுவது சில பத்துக் கிராம், அதுவும் ஸ்பிரிங்குக்கு மேல்புறம். கவனிக்க வேண்டியது மேற்பூச்சைத்தான். துத்தநாகம் பூசிய தண்ணீர்க் குழாயும், குரோம் பூசிய திரைச்சீலைக் குழாயும் நாளடைவில் உதிர்ந்து எண்ணெயில் கலக்கும். பூச்சில்லாத குழாயை வாங்கி, துருவை எமரித் தாளில் தேய்த்து எடுத்து, எண்ணெய் தடவிப் போடுங்கள். அலுமினியமும் நன்றாக உழைக்கும், லேத்தில் கடைவதும் எளிது. மெல்லிய ஜன்னல் குழாயைத் தவிர்த்துச் சுவர்க்கனம் உள்ளதாகப் பாருங்கள். உள்குழாயோடு உரசுகிற அளவுக்கு இறுக்கமாக இருந்தால் சாம்பல்நிறச் சகதி வரும்.

எந்தப் பொருளானாலும் வெளிவிட்டம் உள்குழாயின் உள்விட்டத்தைவிட ஒன்று இரண்டு மில்லிமீட்டர் குறைவாக இருக்கட்டும். மேலும் கீழும் ஒவ்வொரு இரும்பு வாஷர் கட்டாயம். கீழ் வாஷர் ஸ்பிரிங் கடிப்பதைத் தடுக்கும், மேல் வாஷர் மூடி சுரண்டுவதைத் தடுக்கும். நேராக வெட்ட ஒரு வழி: ஒரு தாளை நேரான ஓரம் உள்ளதாகக் கிழித்து, குழாயைச் சுற்றி ஓரத்தோடு ஓரம் பொருந்தும்படி ஒட்டுங்கள். அந்த ஓரத்தை ஒட்டி ஹாக்ஸா பிளேடால் குழாயைச் சுற்றிச் சுற்றி அறுங்கள். பிறகு அரத்தால் சமன் செய்து, உள்விளிம்பும் வெளிவிளிம்பும் விரலுக்குத் தட்டாத வரை தேய்த்து, சோப்புப் போட்டுக் கழுவிக் காய வையுங்கள். இரண்டு துண்டையும் அருகருகே கண்ணாடி மேல் நிறுத்திப் பார்த்தால் நீள வித்தியாசம் தெரிந்துவிடும்.

நீளத்துக்கும் ஓர் எல்லை உண்டு. ஸ்பிரிங் கம்பியின் கனத்தைச் சுற்றுகளின் எண்ணிக்கையால் பெருக்குங்கள். 4 மில்லிமீட்டர் கம்பி, 40 சுற்று என்றால் 160 மில்லிமீட்டர். அதற்குமேல் அந்த ஸ்பிரிங் சுருங்க முடியாது. நீளம் 350 என்றால் மிச்சம் 190, அதில் ஷாக் ஆடுவதற்கு 130 போனால் 60. ஏற்கனவே கம்பெனி கொடுத்த இறுக்கமும் அந்த அறுபதுக்குள்தான் அடங்க வேண்டும். அதைத் தாண்டினால் சுற்றோடு சுற்று முட்டி, குழியின் அடி முழுதும் கைக்கு வரும்.

கழற்றும்போது ஒரு எச்சரிக்கை. மூடி போல்ட்டுக்கு அடியில் ஸ்பிரிங் தள்ளிக்கொண்டு நிற்கிறது. கடைசி மரையில் அது முகத்தை நோக்கிப் பாயும். வண்டியை சென்டர் ஸ்டாண்டில் போட்டு, எஞ்சினுக்கு அடியில் முட்டுக் கொடுத்து முன்சக்கரத்தைத் தூக்கிய பிறகே திறக்க வேண்டும். ஒரு சமயத்தில் ஒரு கால் மட்டும். கண்ணாடி அணிந்து, முகத்தை விலக்கி, ஸ்பானரை மேலிருந்து அழுத்திக்கொண்டே திருப்புங்கள். மூடும்போது நீளமான ஸ்பேசர் எதிர்த்துத் தள்ளும், அவசரப்பட்டால் மரை சாயும். மரை போனால் காலையே மாற்ற வேண்டிவரும்.

நான் சொல்லக்கூடிய வழி இது. முதலில் வெந்நீர்க் குழாயில் வெட்டிப் போட்டு ஓட்டிப் பாருங்கள். நீளம் கூடினால் அறுத்துக் குறைக்கலாம், துண்டு வீணானாலும் காசு போகாது. நாகர்கோவில் ரோட்டிலும் உங்கள் வீட்டுக்குப் போகிற செம்மண் ஏற்றத்திலும் பாரத்தோடும் பாரமில்லாமலும் ஓட்டி, தாழ்வு சரியாக நிற்கிற நீளத்தைக் கண்டுபிடித்த பிறகு, அதே அளவை லேத் பட்டறையில் கொடுத்து இரும்பிலோ அலுமினியத்திலோ ஒரு ஜோடி வெட்டிவாங்கிப் போடுங்கள். அடுத்த எண்ணெய் மாற்றத்தின்போது வடிகிற எண்ணெயை வெள்ளைத் தட்டில் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள். மினுக்கமோ துருவலோ தெரிந்தால் எங்கேயோ உரசுகிறது. கம்பெனி கொடுத்த பழைய ஸ்பேசரை எறிந்துவிடாமல், நீளத்தை எழுதி ஒட்டி, வண்டிப் புத்தகத்தோடு வைத்திருங்கள். உங்களைவிட எடை குறைந்த ஒருவர் நாளை அந்த வண்டியை வாங்கினால் அவருக்கு அதுதான் தேவைப்படும்.