பழைய கணினியை எடைக்குப் போடும் முன்

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியது)

வங்கியில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன் நான், படித்தது பி.காம். கணினி பற்றி இவர் என்ன பேசப் போகிறார் என்று நினைப்பீர்கள். கணக்கு இடித்தால் எங்கே இடிக்கிறது என்று தேடும் பழக்கம் மட்டும் இன்னும் விடவில்லை.

மறைந்த என் அண்ணனின் கணினி என்னிடம் வந்தது. 1999-ஆம் ஆண்டுக் காலத்து ஏபிட் பிஇ6 மதர்போர்டு, விண்டோஸ் எக்ஸ்பி. அதன் இரண்டாவது ஹார்டு டிஸ்க்கில் குடும்பப் படங்கள். ஒரு படம் திறப்பதற்குள் காபி ஆறிவிடும். "டிஸ்க் போச்சு சார், எடைக்குப் போட்டுடுங்க" என்றார் கடைக்காரர்.

அந்த போர்டில் டிஸ்க்கை இரண்டு கண்ட்ரோலர்களில் மாட்டலாம். ஒன்று இன்டெல் 440பிஎக்ஸ் சிப்செட்டைச் சேர்ந்தது. உச்ச வேகம் விநாடிக்கு 33 எம்பி. இன்னொன்று ஹைபாயின்ட் எச்பிடி366, 66 எம்பி. டிஸ்க் இருந்தது முதலாவதில். புது கேபிள் வாங்கி இரண்டாவதில் மாட்டினேன். படங்கள் சட்டென்று திறந்தன! 66 என்றால் 66தான் என்று மகிழ்ந்தேன்.

ஆனால் மனம் ஒப்பவில்லை. 33-க்கும் 66-க்கும் இரண்டு மடங்குதானே வித்தியாசம்? இது அதைவிட எத்தனையோ மடங்கு. டிவைஸ் மேனேஜரில் பார்த்தேன். முதல் கண்ட்ரோலரில் அந்த டிஸ்க் 'பிஐஓ' முறையில் ஓடியிருக்கிறது. அதாவது, ஒவ்வொரு ரூபாய் நோட்டையும் மேனேஜரே பெட்டகத்திலிருந்து கவுன்டருக்குச் சுமப்பது போல, எல்லாத் தகவலையும் பிராசஸரே தூக்குகிறது. 'டிஎம்ஏ' முறையில் கண்ட்ரோலரே கட்டுக்கட்டாக மெமரியில் சேர்த்துவிடும். மேனேஜர் தம் வேலையைப் பார்க்கலாம்.

ஏன் அப்படி ஆனது? கேபிளில் கோளாறு இருந்து பிழைகள் திரும்பத் திரும்ப வந்தால், விண்டோஸ் எக்ஸ்பி படிப்படியாக வேகத்தைக் குறைத்து, கடைசியில் பிஐஓ-வுக்கு இறங்கிவிடும். தானாக மேலே ஏறாது.

பழைய கேபிளை மாற்றினேன். டிவைஸ் மேனேஜரில் அந்தச் சேனலை நீக்கிவிட்டுக் கணினியை மறுபடி தொடங்கினேன். பிறகு இரண்டு கண்ட்ரோலரிலும் ஒரே ஃபோல்டரைக் காப்பி செய்து நேரம் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் கணினியை அணைத்துப் போட்டேன். இல்லாவிட்டால் மெமரியில் தங்கியதையே கொடுத்து ஏமாற்றும். வித்தியாசம் சொல்லும்படி இல்லை. காரணம், அக்காலத்து டிஸ்க்கின் தட்டிலிருந்தே விநாடிக்கு 33 எம்பி வராது. குழாய் பெரிதானாலும் தொட்டியில் வருவதுதானே வரும்!

ஆக, குற்றம் டிஸ்க்கிலும் இல்லை, கண்ட்ரோலரிலும் இல்லை, கேபிளில். படங்களைப் பென் டிரைவில் போட்டு அண்ணியிடம் கொடுத்துவிட்டேன்.

உங்கள் பரணிலும் பழைய கணினி இருக்கலாம். மின்கழிவு வண்டியில் ஏற்றும் முன் இரண்டு விஷயம். டிஸ்க் 'டிக் டிக்' என்று சத்தம் போட்டால் உடனே அணைத்துவிடுங்கள், சோதனை வேண்டாம். சத்தமில்லாமல் மெதுவாக மட்டும் இருந்தால், முதலில் முக்கியமானவற்றைக் காப்பி எடுங்கள், பிறகு கேபிளையும் டிஎம்ஏ-வையும் பாருங்கள். 66 வேகத்துக்கு 80 கம்பி கேபிள் வேண்டும். என்னிடம் இரண்டு இருக்கிறது, வந்து கேளுங்கள்.