உண்டிக் கணக்கு
(நம் சங்கத்தின் திங்கட் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழிலக்கணம் கற்பிக்கும் ஆசிரியன் உடற்பருமனைப் பற்றிப் பேச எழுந்தது சிலர்க்கு வியப்பாயிருக்கலாம். எழுத்துக்கு மாத்திரை எண்ணுவது எம் தொழில். ஆனால் எம் தமையனார் தம் இறுதி ஐந்தாண்டும் வேறு வகை மாத்திரைகளை எண்ணி எண்ணி விழுங்கியதை யாம் அருகிருந்து கண்டோம். அக்காட்சியே எம்மை இப்பொருளிற் புகுத்தியது.

எம் தமையனாரை நீவிர் நன்கறிவீர். நம் சங்க விருந்துகளிற் பந்தி விசாரிக்கும் பொறுப்பு நெடுங்காலம் அவருடையதாயிருந்தது. ‘இன்னும் ஒரு கரண்டி’ என்று சொல்லாமல் எவ்விலையையும் அவர் கடந்து சென்றதில்லை. கடையிற் கல்லாப்பெட்டியின் முன் 30 ஆண்டு அமர்ந்து உழைத்தார். நீரிழிவு வந்தது, பின்னர்ச் சிறுநீரகம் பழுதுற்றது, ஈராண்டுக்கு முன் தம் 54ஆம் அகவையில் எம்மை விட்டுப் பிரிந்தார். பதினாறாம் நாட் கடன் முடிந்த பின்னர் யாம் எம்மையும் சோதித்துக் கொண்டோம். எடை 84 கிலோ. இடுப்பின் சுற்றளவு 101 சென்டிமீட்டர். குருதியிற் சர்க்கரை எல்லையைத் தொட்டு நின்றது. எடையைக் குறைத்தே தீரவேண்டும் என்றார் மருத்துவர். ‘கலோரிக் கணக்குப் பார்த்து உண்ணுங்கள், அப்பா’ என்று சொல்லி எம் மகன் கைப்பேசியில் அதற்குரிய செயலியொன்றை ஏற்றித் தந்தான். அக்கணக்கு எடையைக் குறைக்குமா என்பதே இன்று யாம் ஆராய எடுத்துக்கொண்ட பொருள்.

கலோரி என்பது வெப்பத்தை அளக்கும் அலகு. ஒரு கிலோ நீரின் வெப்பநிலையை ஒரு பாகை உயர்த்துதற்கு வேண்டும் வெப்பமே உணவு நூலார் கூறும் ஒரு கலோரி. விறகு அடுப்பில் எரிந்து வெப்பந் தருதல் போல, உணவு உடலில் எரிந்து ஆற்றல் தருகின்றது. அமெரிக்க நாட்டு வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் வில்பர் அட்வாட்டர் என்னும் அறிஞர் 1890களில் தனியறையொன்று அமைத்து, அதனுள் மனிதரை நாட்கணக்கில் இருத்தி, அவர் உண்ட உணவையும் அவருடலினின்று வெளிப்பட்ட வெப்பத்தையும் அளந்து ஒப்பிட்டார். மாவுப்பொருள் ஒரு கிராமுக்கு 4 கலோரி, புரதம் 4, கொழுப்பு 9 என்று இன்றும் வழங்கும் வாய்பாடு அவ்வாராய்ச்சியின் பயனேயாகும்.

அவ்வாய்பாட்டை எடை குறைக்கும் கருவியாக மக்களிடையே பரப்பியவர் லூலு ஹண்ட் பீட்டர்ஸ் என்னும் அமெரிக்கப் பெண் மருத்துவர். 1918இல் அவர் வெளியிட்ட நூல், ஒரு துண்டு ரொட்டி என்னாது 100 கலோரி ரொட்டி என்றே சொல்லிப் பழகுமாறு கற்பித்தது. நம் நாட்டிலோ இவ்வெண்கள் வேறொரு நோக்கத்தோடு புகுந்தன. நீலகிரியைச் சார்ந்த குன்னூரில் அந்நாளில் இயங்கிய உணவாராய்ச்சிக் கூடத்தின் தலைவர் அய்க்ராய்டு என்பார் 1937இல் இந்திய உணவுகளின் சத்து அட்டவணையை வெளியிட்டார். ஏழை மக்களுக்குப் போதிய உணவு கிடைக்கின்றதா என்னும் கவலையே அந்நாளிற் பெரிதாயிருந்தது. அக்கூடமே பின்னர் ஐதராபாத்துக்குச் சென்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகின்றது. குறையை அறியப் பயன்பட்ட எண்களைக் கொண்டு இன்று மிகையை அறிய வேண்டியவர்களாயினோம். இந்திய நாட்டில் நீரிழிவு உடையார் 10 கோடிக்கு மேற்பட்டோர் என்று 2023இல் வெளிவந்த பேராய்வு கணித்தது.

இனிக் கணக்கின் பயனை நோக்குவோம். அதன் அடிப்படை பொய்யன்று. செலவாகும் ஆற்றலினுங் குறைவாக உண்டால் உடல் தன் சேமிப்பைக் கரைத்தே தீரும். அமெரிக்காவில் நடந்து 2015இல் வெளிவந்த ஆராய்ச்சியொன்றில், மிக்க பருமனில்லாதார் 143 பேர் தம் உணவின் ஆற்றலிற் காற்பங்கு குறைக்க முற்பட்டனர். ஈராண்டில் அவர்களாற் சராசரி 12 விழுக்காடே குறைக்க இயன்றது. எனினும் உடலெடை ஏறத்தாழ 10 விழுக்காடு இறங்கிற்று. ஆதலின் குறைத்துண்டும் இளைக்காத உடல் என ஒன்றில்லை.

ஆயினும் கணக்கெழுதியும் இளையாதார் பலராயிருத்தல் ஏன்? நாம் வணிகர் குடியிற் பிறந்தோம். சிட்டையும் பேரேடும் ஐந்தொகையும் நமக்குப் பழகியவை. வரவிலோ பற்றிலோ பிழை புகுந்தால் ஐந்தொகை ஒவ்வாது என்பதை நம் வீட்டுச் சிறுவனும் அறிவான். உண்டிக் கணக்கிலும் அவ்வாறே மூவிடங்களிற் பிழை புகுகின்றது.

முதலாவது, வரவிற் பிழை. எவ்வளவு குறைத்துண்டும் இளைக்கவில்லை என்று முறையிட்ட சிலரை நியூயார்க் நகரத்து ஆராய்ச்சியாளர் நுட்பமாகச் சோதித்து 1992இல் முடிவை வெளியிட்டனர். அவர்கள் தாம் உண்டதை ஏறத்தாழப் பாதி குறைத்தும், தம் உடலுழைப்பைப் பாதி கூட்டியும் சொல்லியிருந்தனர். அவர்களைப் பொய்யர் என்று எண்ணற்க. மனம் தனக்குச் சாய்வாகவே கணக்கெழுதும். நம் அடுக்களையிலோ எண்ணெயை அளந்து விடுவார் யார்? கைப்பழக்கமே அளவு. ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் ஏறத்தாழ 125 கலோரி உண்டு. தாளிக்கையில் இரண்டு கரண்டி மிகுமாயின், நடுத்தர உடலினர் ஒரு மணி நேரம் நடந்து செலவிடுவது அதற்கே சரியாய்ப் போகும். அட்டவணை எண்களும் முற்றும் மெய்யல்ல. 28 கிராம் வாதுமைப் பருப்புக்கு 170 கலோரி என்று கணக்கிடப்பட்டிருக்க, உடல் அதிலிருந்து கொள்வது 129 மட்டுமே என்று 2012இற் கண்டனர்.

இரண்டாவது, பற்றிற் பிழை. உடல் வருவாய் குன்றியவுடன் செலவைச் சுருக்கும் தேர்ந்த இல்லத்தரசியை ஒத்தது. இரண்டாம் உலகப் போரின் முடிவுக் காலத்தில், 1944, 1945 ஆண்டுகளில், மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்பார் 36 இளைஞரைக் கொண்டு ஓர் ஆராய்ச்சி நிகழ்த்தினார். ஆறு திங்கள் ஏறத்தாழப் பாதியுணவே பெற்ற அவர்கள் தம் எடையிற் காற்பங்கை இழந்தனர். அவர்கள் உடல் ஓய்விற் செலவிடும் ஆற்றலும் பெரிதுங் குறைந்தது. குளிரும் சோர்வும் மிகுந்தன. உணவே அவர்தம் எண்ணமெல்லாமாயிற்று. சமையல் நூல்களைப் படித்து மகிழ்வாராயினர். பட்டினியாற் பருமனை வெல்ல நினைப்பார் இதனை உளங்கொள்ள வேண்டும். நாள்தோறும் 500 கலோரி குறைத்தால் ஓராண்டில் 23 கிலோ குறையும் என்று பழைய வாய்பாடு ஆசை காட்டும். உடல் தன் செலவைச் சுருக்குவதையும் சேர்த்துக் கணித்து 2011இல் வெளியிட்ட புதிய முறையின்படி, முதலாண்டிற் குறைவது அதிற் பாதியளவே. பழைய வாய்பாட்டை நம்பினவர் பாதி வழியில், ‘நம்மால் ஆகாது’ என்று மனமுடைந்து கைவிடுகின்றனர். அவர் முயற்சியில் குற்றமில்லை. அவருக்குச் சொல்லப்பட்ட எண்ணே பொருந்தாதது.

மூன்றாவது, வகையறியாப் பிழை. கெவின் ஹால் என்பாரும் அவர்தம் கூட்டத்தாரும் 2019இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், 20 பேர்க்கு இரு வாரம் ஆலைகளிற் பதப்படுத்திய பண்டங்களையும், இரு வாரம் இயல்பான உணவுகளையும் வேண்டுமளவு உண்ணக் கொடுத்தனர். முன் வைத்த உணவின் கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார் யாவும் இரு காலத்தும் ஒத்திருக்கச் செய்தனர். எனினும் பதப்படுத்திய பண்டங்களை உண்ட நாட்களில் ஒவ்வொருவரும் சராசரி 500 கலோரி மிகுதியாக உண்டனர். எடையும் ஒரு கிலோ அளவு ஏறிற்று. பசியை ஆற்றும் உணவு வேறு, பசியைத் தூண்டும் உணவு வேறு. கலோரி எண் அவ்வேறுபாட்டைக் காட்டாது.

அங்ஙனமாயின் கணக்கு வீணோ எனில், அன்று. அமெரிக்காவில் 1,700 பேரளவு சேர்ந்து நிகழ்ந்து 2008இல் வெளிவந்த ஆய்வில், தாம் உண்டதை நாள்தோறும் எழுதி வைத்தவர் எழுதாதாரினும் இருமடங்கு எடை குறைந்தனர். 2018இல் வெளிவந்த மற்றோர் ஆய்வில், 609 பேர்க்குக் கலோரி எண்ணுமாறு சொல்லாமலே, சர்க்கரையையும் தீட்டிய மாவையும் குறைத்துக் காய்கறிகளை மிக உண்ணுமாறு மட்டும் கற்பித்தனர். கொழுப்பைக் குறைத்த பிரிவினரும் மாவுப்பொருளைக் குறைத்த பிரிவினரும் ஓராண்டிற் சராசரி 5 முதல் 6 கிலோ வரை இளைத்தனர். இவ்விரண்டையும் ஒருங்கு நோக்கின் ஓருண்மை புலனாகும். எண்ணின் நுட்பம் எடையைக் குறைப்பதன்று. தான் உண்பதைத் தான் காணுதலே குறைக்கின்றது. கணக்கு அதற்கு விளக்குப் போல்வது. விளக்கே வழி நடவாது.

இதனை யாம் பட்டறிந்தோம். முதல் மூன்று திங்கள் செயலியே கதியென்றிருந்தோம். இட்டிலியை நிறுத்தோம், சோற்றை நிறுத்தோம். ‘தராசைக் கட்டிக்கொண்டா குடித்தனம் நடத்துவது?’ என்று எம் மனைவியார் நொந்துகொண்டார். எடை 6 கிலோ இறங்கியது. தீபாவளி வந்தது, பொங்கல் வந்தது, கணக்கு நின்றது, 4 கிலோ மீண்டது. பின்னர்ச் செயலியை நீக்கிவிட்டு, எம் தந்தையார் கடைச் சிட்டை எழுதியது போல, உண்டதை மட்டும் ஒரு சிறு குறிப்பேட்டில் எழுதி வந்தோம். பத்து நாளில் உண்மை வெளிப்பட்டது. பள்ளியிலும் வீட்டிலுமாக நாளைக்கு ஐந்து முறை தேநீர். முறைக்கு இரு கரண்டி சர்க்கரை. அஃது 50 கிராம், 200 கலோரி. அடுத்து மளிகைச் சிட்டையைப் பார்த்தோம். நால்வர் வாழும் எம் வீட்டில் திங்களுக்கு 6 லிட்டர் எண்ணெய்! ஆளுக்கு நாளொன்றில் 400 கலோரிக்கு மேல் எண்ணெயாகவே உட்சென்றது. இலையிலுள்ளதை எடைபோடுதலை விட்டு, வீட்டுக்குள் வருவதைக் கணக்கிட்டோம். எண்ணெய் 3 லிட்டராயிற்று. தேநீரிற் சர்க்கரை நின்றது. மாலையில் ஒரு மணி நேரம் நடந்தோம். சென்ற ஓராண்டில் எடை மெல்ல இறங்கி 77 கிலோவில் நிற்கின்றது. இது பெரிய வெற்றியன்று. ஆனால் மீளாத வெற்றி என்று நம்புகின்றோம்.

இனி இரண்டு எச்சரிக்கைகள். நீரிழிவுக்கு இன்சுலினோ மாத்திரையோ கொள்வார், மருத்துவரைக் கேளாது உணவைத் திடீரெனக் குறைத்தலாகாது. சர்க்கரை மிகத் தாழ்ந்து மயக்கமும் இடரும் நேரலாம். மற்றொன்று எம் நெஞ்சை வருத்துவது. எம்மிடம் பயிலும் ஒன்பதாம் வகுப்புப் பெண்ணொருத்தி ஒருநாட் காலை வழிபாட்டின்போது மயங்கி வீழ்ந்தாள். திருமண வீடொன்றில் உறவினர் சிலர் அவளுடலைச் சுட்டி நகைத்தனராம். அன்று முதல் அவள் கைப்பேசியிற் கலோரி பார்த்து அரை வயிறும் உண்ணாதிருந்தாள். வளரும் பிள்ளைகளுக்கு இக்கணக்கு வேண்டா. அவர்கள் உடலைப் பற்றிய ஏளனமும் நம் வீடுகளில் வேண்டா. பெண் பார்க்கப் போகும் இடத்தில் எடையைப் பேசுவார்க்கும் இதனைச் சொல்லிக்கொள்கின்றோம்.

ஆகவே நம்மவர் செய்யத் தக்கன சில. ஆடவர் இடுப்பின் சுற்றளவு 90 சென்டிமீட்டருக்கும், பெண்டிர்க்கு 80க்கும் மேற்படுமாயின் சோதனை செய்துகொள்க. மளிகைச் சிட்டையில் எண்ணெயையும் சர்க்கரையையும் தலைக்கு இவ்வளவு என்று வகுத்துப் பாருங்கள். கடையில் அமர்ந்திருப்போர் மணிக்கொரு முறை எழுந்து நடவுங்கள். எடை குறைக்க விழைவார் ஒரு திங்களேனும் உண்டதை எழுதிப் பாருங்கள். எண் வேண்டுவோர் எண்ணுக, வேண்டாதார் எழுதுக. எதுவாயினும் பல்லாண்டு தொடரத் தக்கதாயிருத்தல் வேண்டும்.

இறுதியாக ஒன்று. அடுத்த திங்கள் நம் சங்க ஆண்டு விழா, பந்தி நடக்கும். விருந்தோம்பல் நம் குடியின் பெருமை; அதனை விடச் சொல்லோம். ஆயினும் போதும் என்று இலைமேற் கை மறித்தவர்க்கு மேலும் இடாதிருத்தலும் அன்பே என்பதை நாம் பழக வேண்டும். எம் தமையனார் இன்றிருந்தால், அன்பு மிகுதியால் ‘இன்னும் ஒரு கரண்டி’ என்றே சொல்லியிருப்பார். அவர்பால் வைத்த அன்பினாலேயே யாம் அதனைச் சொல்லாதிருக்க வேண்டுகின்றோம்.