அவை நடத்துவோன் தன்னை அறிதல்

(நாகூரில் கூடிய நம் சங்கத்து ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

  

இன்று யாம் பேசுமாறு பணிக்கப்பெற்ற பொருள் கூட்டம் நடத்துந் திறம் என்பது. தமிழ் கற்பிக்குந் தொழிலுடையோம் ஆகலின், அவையிற் பேசப் பழகியிருப்போம் என்று கருதி இப்பொருளை எமக்கு அளித்தனர் போலும். பேசப் பழகினோம் என்பது மெய்யே. பிறரைப் பேசவிடப் பழகினோமா என்பதே ஈண்டு ஆராயற்பாலது. அவ்வாராய்ச்சியில் எம் குறையொன்றையும் மறையாது உரைக்க வேண்டியிருத்தலின், முன்னரே உங்கள் பொறுமையை வேண்டுகின்றோம்.

நம் ஊர் காவிரிப் பாசனத்தின் கடைமடையில் உள்ளது. மேட்டூர் அணை 1934-இல் முடிந்த பின்னர், ஜூன் 12 அணை திறக்கும் நாளென்று வழங்கி வருகின்றது. திறந்த நீர் கல்லணையைக் கடந்து, வெண்ணாறாகவும் அதனிற் பிரிந்த வெட்டாறாகவும் ஓடி, நம் நாகூர்ப் பக்கத்தே கடலிற் கலக்கும். தலைமடையார்க்கு நீர் கேளாமலே வரும். கடைமடையார்க்கோ முறை வைத்துத் திறந்தாலன்றி வாராது. இதனை இம்மண்ணிற் பிறந்தார்க்கு யாரும் சொல்ல வேண்டுவதில்லை. அவையிற் பேச்சும் இங்ஙனமே பாய்கின்றது. முன்வரிசையில் இருப்போர், பொருளுடையோர், கற்றோர், உரத்த குரலுடையோர் ஆகிய இவர்பால் அது தானே சென்று தேங்கும். கதவோரத்து நிற்பார்க்கு அது சென்று சேர வேண்டுமாயின், மதகைத் திறந்தும் அடைத்தும் முறை செய்வான் ஒருவன் வேண்டும். அவனையே அவை நடத்துவோன் என்கின்றோம். முன்னாளில் அக்கிராசனர் என்றனர். இந்நாளில் ஒருங்கிணைப்பாளர் என்பர். பெயர் எதுவாயினும் தொழில் ஒன்றே.

திருவள்ளுவர் பொருட்பாலில் அவையறிதல், அவையஞ்சாமை என இரண்டு அதிகாரங்களை 72, 73 ஆக வைத்தார். இவ்விரண்டும் அவையிற் பேசுவானுக்கு உரியன. ஆயின் இவற்றுக்கு முன் நிற்கும் 71-ஆம் அதிகாரம் குறிப்பறிதல் என்பது. பிறர் முகத்தை நோக்கி அகத்தை அறியுந் திறத்தைக் கூறிய பின்னரே அவையிற் பேசுந் திறத்தைக் கூறினார். அதற்கும் முன்னர், 42-ஆம் அதிகாரத்தில், கேள்வியின் சிறப்பை உரைத்தார். பேசுவான் 72-ஐயும் 73-ஐயும் கற்பானாக. அவை நடத்துவானோ 42-ஐயும் 71-ஐயும் முதலிற் கற்றல் வேண்டும் என்பது எம் கருத்து.

இனி, நம் முன்னோர் அவை நடத்திய முறையை நோக்குவோம். உத்தரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயிலில் முதற் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுக்கள் இரண்டு உள. அவை கி. பி. 919, 921 ஆகிய ஆண்டுகட்கு உரியன. ஊரை 30 குடும்புகளாகப் பிரித்துக் குடவோலையால் வாரியத்தாரைத் தேர்ந்த முறையை அவை விரித்துரைக்கின்றன. முன் வாரியஞ்செய்து கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினரும் நீக்கப்பட்டனர். அண்மையில் மூன்றாண்டுக்குள் வாரியஞ்செய்தவனுக்கும் இடமில்லை. குடத்தில் என்ன ஓலை உள்ளதென்று அறியாத சிறுவன் ஒருவனே ஓலையை எடுத்தான்.

அவ்வோலையை வாங்கி வாசிப்பவன் மத்தியஸ்தன் எனப்பட்டான். அவன் ஐந்து விரலும் விரிய, உள்ளங்கையில், அதனை ஏற்க வேண்டும் என்று கல்வெட்டு விதிக்கின்றது. கையை மூடினால் ஓலை மாறக்கூடும் அன்றோ? நடுவில் நிற்பவன் கையில் ஒளிவு இருத்தலாகாது என்று ஆயிரத்து நூறு ஆண்டுகட்கு முன்னரே கல்லில் வெட்டினர். இக்காலத்து அவை நடத்துவோனுக்கு ஓலை பிறருடைய சொல். அதனை அவன் விரித்த கையிலே வாங்கி, உள்ளபடியே வாசித்துக் காட்டுதல் வேண்டும்.

திருநெல்வேலிப் பக்கத்து மானூரில் ஏறத்தாழக் கி. பி. 800-ஐச் சார்ந்த பாண்டியர் காலத்துக் கல்வெட்டு ஒன்று உண்டு. அவையில் எதற்கெடுத்தாலும் மறுத்துரைத்துக் காரியத்தைத் தடுப்போர்க்கு அது ஐந்து காசு தண்டம் விதிக்கின்றது. இத்தகையோர் அன்றும் இருந்தனர் என அறிந்து நாம் ஆறுதல் கொள்ளலாம்.

ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. உத்தரமேரூர் அவையில் இடம்பெற, இறை செலுத்தும் நிலம் கால்வேலிக்கு மேல் வேண்டும். தன் மனையில் எடுத்த வீடு வேண்டும். வேதக் கல்வி வேண்டும். ஆண்டு முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள் இருத்தல் வேண்டும். பெண்டிர்க்கும் நிலமற்றார்க்கும் அங்கே ஓலையில்லை. மத்தியஸ்தன் கை விரிந்திருந்தது; அவையின் வாயிலோ குறுகியிருந்தது. அதன் பெருமையைப் பாடுவோர் இக்குறையையும் உடன் கூறுதலே நேர்மை.

இனி எம் குறைக்கு வருகின்றோம். சில ஆண்டுகட்கு முன் சங்கக் கூட்டமொன்றை யாமே நடத்தினோம். கல்வி உதவித்தொகை கேட்போர், சந்தா நிலுவையில்லா உறுப்பினர் இருவரிடம் கையொப்பம் பெற்று வரவேண்டும் என்றொரு விதி ஆராயப்பட்டது. முன்வரிசையில் நால்வர் பேசினர், நால்வரும் ஆதரித்தனர். இளைஞர் ஒருவர் எழுந்து பேசத் தொடங்கினார். அவர் சொல்லிய சொல்லொன்று பிழையாயிருந்ததால், யாம் பழக்கத்தாற் திருத்தினோம். அவையோர் நகைத்தனர், அவர் அமர்ந்துவிட்டார். பின், “எல்லார்க்கும் சம்மதந்தானே?” என்று வினவினோம். அப்போது கதவோரத்தில் தாயொருவர் பாதி எழுந்தார். எம் கண் அவரைக் கண்டது. மணி ஏழாகிவிட்டது, வெளியூர் அன்பர்க்குப் பேருந்து தவறும் என்ற நினைவு முந்தியது. “ஏகமனதாக நிறைவேறியது” என்று எழுதச் சொன்னோம்.

சில திங்கள் கழித்து அவ்வம்மையார் எம் இல்லத்துக்கு வந்தார். கணவர் நோயுற்றிருந்த ஆண்டுகளிற் சந்தா நின்றுபோயிற்று. அவர் இறந்த பின்னர்க் கையொப்பம் இடுவார் எவருமில்லை. பன்னிரண்டாம் வகுப்புத் தேறிய மகள் கல்லூரியிற் சேராது துணிக்கடைக்கு வேலைக்குச் சென்றுவிட்டாள். அவர் எம்மை வைதிலர். “ஐயா, அன்றைக்கே சொல்லலாமென்று எழுந்தேன். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள், அப்புறம் நோட்டைப் பார்த்துவிட்டீர்கள்” என்று மட்டும் கூறினார்.

மறு ஆண்டு அவ்விதி மாற்றப்பட்டது. அப்பெண் ஓராண்டு பிந்திக் கல்லூரியிற் சேர்ந்தாள். எனினும் போன ஆண்டை யாம் திருப்பித்தர இயலவில்லை. இருபதாண்டுக்கு மேல் வகுப்பறையில் நின்றதனால் எம்பாற் படிந்த குற்றங்களை அன்று எண்ணிப் பார்த்தோம். வினாவை எழுப்பி விடைக்குக் காத்திராமை ஒன்று. விடை தெரிந்த முகத்தையே நோக்குதல் ஒன்று. பிறர் சொல்லைத் திருத்தி அழகுபடுத்துவதாக எண்ணி, அவர் கருத்தையே மாற்றிவிடுதல் ஒன்று. இவை தீய எண்ணத்தால் விளைந்தன அல்ல. ஆதலினாலேயே அவை எம் கண்ணுக்குப் புலப்படவில்லை. கெட்ட எண்ணத்தை மனச்சான்று உறுத்தும். பழக்கத்தை அஃது உறுத்துவதில்லை.

இங்ஙனம் இடறி விழுந்து கற்றோர் பிறநாட்டிலும் உளர். அமெரிக்காவில் ஹென்றி மார்ட்டின் ராபர்ட் என்னும் இராணுவப் பொறியாளர், 1863-இல், நியூ பெட்ஃபோர்டு நகரத்துத் தேவாலயக் கூட்டமொன்றை நடத்த நேர்ந்தது. நடத்தும் முறை அறியாராகலின் கூட்டம் குழப்பத்தில் முடிந்தது. அந்நாணம் அவரை நெடுநாள் கற்பித்தது. 1876-இல் அவை நடத்தும் விதிகளைத் தொகுத்து நூலாக வெளியிட்டார். இன்றும் அந்நாட்டுச் சங்கங்கள் பல அவ்விதிகளின்படியே கூடுகின்றன.

விதி அறிந்தால் மட்டும் போதுமோ எனின், போதாது. கூர்ட் லெவின் என்னும் உளநூல் அறிஞர், செர்மனியினின்று 1933-இல் நீங்கி அமெரிக்கா சென்றவர், 1946-இல் கனெக்டிகட் நாட்டு நியூ பிரிட்டன் நகரில் ஒரு பயிற்சி முகாம் நடத்தினார். இனப்பகையைத் தணிக்கும் பணியாளர்க்குக் குழுவை நடத்தப் பயிற்றுவதே அதன் நோக்கம். பகலிற் குழுக்கள் கூடும்; மாலையில் ஆய்வாளர் தனியே கூடித் தாம் கண்டவற்றை விவாதிப்பர். ஒருநாள் பயிற்சி பெறுவோர் சிலர் தாமும் அங்கிருக்க விரும்பினர், லெவின் இசைந்தார். தம்மைப்பற்றிய குறிப்பைக் கேட்ட பெண்மணி ஒருவர், நடந்தது அவ்வாறன்று என்று மறுத்தார். அதிலிருந்து எழுந்த உரையாடலே, பகற் பாடங்களினும் மிகுந்த பயன் தந்தது. அடுத்த ஆண்டு பெத்தல் என்னும் ஊரிற் பயிற்சிக்கூடம் தொடங்கிற்று. லெவின் அதற்கு முன்னரே காலமாயினார். தன் முகத்தைத் தான் காண ஆடி வேண்டுவதுபோல, அவையில் தன் நடையைத் தான் காணப் பிறர் கண் வேண்டும் என்பதே அவர்கள் கண்ட உண்மை. அவ்வம்மையார் எம் வாயிலில் நின்று காட்டியதும் அவ்வாடியே.

இவை தொலைநாட்டுச் செய்திகள். நமக்கு அணித்தே நிகழ்ந்ததைக் கூறுவோம். 1968 டிசம்பர் 25 இரவு, நம் நாகை வட்டாரத்துக் கீழ்வெண்மணியில், கூலி வழக்கு முற்றிய பகையால், பெண்டிரும் குழந்தைகளுமாக உழைப்பாளர் குடியினர் 44 பேர் தீக்கிரையாயினர். கேட்க மறுத்த இடத்தில் நெருப்பு எழுந்தது. அதன்பின் இம்மாவட்டத்துக்கு வந்து ஏழைகளோடு வாழத் தலைப்பட்டோர் சங்கரலிங்கம் ஜெகந்நாதனும் அவர் மனைவியார் கிருஷ்ணம்மாளும் ஆவர். கிருஷ்ணம்மாள் 1926-இல் தலித் குடும்பத்திற் பிறந்தவர். வினோபாவின் பூதான இயக்கத்தில் உழைத்தவர். 1981-இல் இருவரும் லாஃப்டி என்னும் இயக்கத்தை நிறுவினர். நிலமுடையாரையும் நிலமற்றாரையும் பேச்சுக்குக் கொணர்ந்து, விலை பேசி, வங்கிக்கடன் பெற்று, பெண்டிர் பெயரில் நிலம் எழுதச் செய்தனர். பல்லாயிரம் குடும்பங்கள் நிலம் பெற்றன. 2008-இல் இருவர்க்கும் சுவீடன் நாட்டு வாழ்வுரிமை விருது அளிக்கப்பெற்றது. மிராசுதார் வாயிலிலும் நின்று, சேரிக் குடிசையிலும் இருந்து, இரு பக்கத்துச் சொல்லையும் கேட்டவர் அவ்வம்மையார். நிலமற்றார் பக்கமே தம் நெஞ்சம் என்பதை அவர் எவர்க்கும் மறைத்ததில்லை. மத்தியஸ்தனுக்குப் பக்கமே இருத்தலாகாது என்பதன்று விதி. தன் பக்கம் இன்னதென்று தானும் அறிந்து, பிறர்க்கும் காட்டி நிற்றல் வேண்டும் என்பதே விதி. விரித்த கை என்பது அதுவே.

அன்பர்காள்! இவற்றினின்று யாம் எமக்கு வகுத்துக்கொண்ட நெறிகள் சிலவற்றைச் சுருங்கக் கூறுவோம்.

முதலாவது, வினவிய பின் மனத்துள் பத்து எண்ணும்வரை வாய் திறவாமை. அவ்வமைதி நடத்துவோனுக்கு நெடிதாகத் தோன்றும். கதவோரத்தார்க்கோ எழுந்து நிற்கவே அத்துணைப் பொழுது வேண்டும்.

இரண்டாவது, இளையோரை முதலிற் பேசவிடுதல். யூதரின் பழைய நீதிமன்றத்தில், உயிர்த்தண்டனை வழக்குகளில், இளையோர் கருத்தையே முதலிற் கேட்டனர். பெரியோர் முந்திக் கூறினால், சிறியோர் மறுக்க அஞ்சுவர் என்பது அதன் காரணம்.

மூன்றாவது, ஒருவர் சொல்லை அவர் சொற்களாலேயே திருப்பிக் கூறி, “நீங்கள் சொன்னது இதுதானே?” என்று கேட்டல். இலக்கணப் பிழையைத் திருத்த வகுப்பறை உண்டு. அவை அதற்கு இடமன்று.

நான்காவது, தீர்மானத்தைக் கூட்டம் கலையுமுன் எழுதி வாசித்தல். குவேக்கர் என்னும் கிறித்துவக் குழுவினர் வாக்கெடுப்பின்றியே முடிவு செய்வர். அவர் கூட்டத்து எழுத்தர், அவையின் கருத்தாகத் தாம் உணர்ந்ததை அங்கேயே எழுதிப் படித்து, இசைவு பெறுவர். “ஏகமனதாக” என்ற சொல்லை யாம் இப்போது எளிதில் எழுதுவதில்லை.

ஐந்தாவது, தன் உறவோ உடைமையோ ஆராயப்படும்போது இருக்கையை விட்டு இறங்குதல்.

ஆறாவது, யார் யார் எத்துணை முறை பேசினர் என்று ஒருவரைக் குறிக்கச் செய்து, கூட்டம் முடிந்தபின் அதனைப் பார்த்தல். எம் மாணவர் ஒருவர் முதன்முறை குறித்துத் தந்த ஏட்டில், எம் பெயர்க்கு எதிரே இருபத்தொரு கோடுகள் இருந்தன. பெண்டிர் அனைவர்க்கும் சேர்த்து இரண்டே கோடுகள். அவ்வேட்டை யாம் கிழித்தெறிய விரும்பினோம். இன்றும் பேணி வைத்திருக்கின்றோம்.

நம் சங்கம் ஒரு குலத்தார் கூடியது. ஆகலின் நம்முள் மேல் கீழ் இல்லை என்று நாம் சொல்லிக்கொள்வதுண்டு. பொருளால், கல்வியால், ஆண் பெண் என்பதால், சந்தா செலுத்தியோர் செலுத்தாதோர் என்பதால் நம்முள்ளும் தலைமடையும் கடைமடையும் உள்ளன. நம் வீட்டிற் கேட்கப் பழகாதார், பிற குலத்தார் சொல்லை எங்ஙனம் கேட்பர்? மராட்டிய மன்னர் பிரதாபசிங் எடுப்பித்த பெரிய மனோரா ஆண்டவர் தர்காவில் உயர்ந்து நிற்கும் ஊர் இது. பல சமயத்தாரும் ஒருவர் சொல்லை ஒருவர் கேட்டு வாழும் இவ்வூரில், நாம் நம் மன்றத்தை அதற்கேற்ப நடத்துதல் கடன்.

எம் சொற்பொழிவைப்பற்றிப் பேச விரும்புவோர்க்குத் தலைவர் இப்போது வாய்ப்பளிப்பார். முன்வரிசைப் பெரியோர் சற்றே பொறுத்தருள வேண்டுகின்றோம். பின்னே நிற்போர் முதலிற் பேசுக.