சிறு பாய்ப்படகு கற்றுத் தந்தது
(இளைஞர் கைத்தொழில் வகுப்பின் நிறைவு நாளில் ஆற்றிய உரை)



வெளியே நிற்கும் ஃபைபர் பாய்ப்படகு நம் பிள்ளைகளும் நாங்களும் சேர்ந்து கட்டியது. போன மாதமே தண்ணீரில் இறக்குவதாகச் சொன்னோம், இறக்கவில்லை. ஏன் என்று கேட்டீர்கள். அதற்குப் பதில் சொல்லவே நிற்கிறோம்.

1947இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் கிளார்க் மில்ஸ் என்பவர் சிறுவர்களுக்காக வடிவமைத்த 'ஆப்டிமிஸ்ட்' படகுதான் எங்களுக்கு முன்மாதிரி. முதலில் ஒட்டுப்பலகையில் கட்டப்பட்ட அது, இன்று பெரும்பாலும் ஃபைபரில் வார்க்கப்படுகிறது. நீளம் சுமார் 2.3 மீட்டர். உடலின் எடை 35 கிலோ.

அச்சுக்கு மெழுகு தேய்த்து, ஜெல்கோட் பூசி, அது இறுகியபின் கண்ணாடி இழை மேட் விரித்து, ரெசின் நனைத்து, உருளையால் காற்றுக் குமிழ்களை நீக்க வேண்டும். நாங்கள் அவசரப்பட்டு ஒரே நேரத்தில் பல அடுக்குப் போட்டோம். ரெசின் சூடேறி, முதல் உடல் கோணிப்போனது.

அதைவிடப் பெரிய ஆபத்தும் இருந்தது. ரெசினை இறுகச் செய்ய கோபால்ட், கேட்டலிஸ்ட் என இரண்டு திரவங்கள் உண்டு. ஒரு பையன் இரண்டையும் ஒரே குவளையில் ஊற்றப் போனான். "தம்பி, வை கீழே!" என்று மேஸ்திரி கையைப் பிடித்தார். அவை நேராகக் கலந்தால் வெடிக்கும். முதலில் கோபால்ட்டை ரெசினில் நன்றாகக் கலக்கிய பிறகே கேட்டலிஸ்ட் சேர்க்க வேண்டும். அன்று முதல் இரண்டு பாட்டில்களும் தனித்தனி அலமாரியில் இருக்கின்றன. கையுறை, முகமூடி, கண்ணாடி இல்லாதவருக்கு வேலை இல்லை.

இரண்டாவது உடல் நன்றாக வந்தது. ஆனால் ஃபைபர் தண்ணீரைவிடக் கனமானது. படகு கவிழ்ந்து நிரம்பினால், அடைத்த காற்றறைகள்தாம் அதை மிதக்க வைக்கும். சோப்பு நீர் பூசி, மெதுவாகக் காற்றடித்துப் பார்த்தோம். ஓர் இணைப்பில் குமிழ் வந்தது. பிள்ளைகள் முகம் வாடிற்று. "வெளியே தெரியாதே" என்றார் ஒருவர். தெரியாதுதான், ஆனால் அதில் ஏறப்போவது உங்கள் பிள்ளை. இணைப்பைச் சுரண்டி, மீண்டும் ஒட்டினோம். இப்போது குமிழ் இல்லை.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள்: நீச்சல் தெரியாத பிள்ளையை ஏற்ற மாட்டோம், உயிர்காப்பு அங்கி இல்லாமல் எவரையும் ஏற்ற மாட்டோம். கோபித்துக்கொள்ளாதீர்கள்.